உளுந்து நாற்று முதல் மாதம் எதைச் சாப்பிடுகிறது?

"பயறு வகைச் செடி காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அதுக்கு உரமே வேண்டாம்." எந்த இயற்கை வேளாண் பயிற்சிக்குப் போனாலும் முதல் அரை மணி நேரத்தில் இது காதில் விழும். நானும் கேட்டேன், குறித்துக்கொண்டேன், நம்பினேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதி தெரியாமல் உளுந்து போட்டால், இருபதாம் நாள் யூரியா மூட்டையைத் தேடி ஓடும்படி ஆகும். நான் ஓடினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வீடு ஆவடியில். கழனி திருநின்றவூருக்கு மேற்கே. வங்கி வேலையிலிருந்து 2018-ல் ஓய்வு பெற்றதும், அப்பா விட்டுப்போன நிலத்தில் இறங்கினேன். சுற்றிலும் மனை போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். நடுவில் எங்கள் நிலமும் இன்னும் நாலைந்து பேர் நிலமும்தான் பச்சையாக இருக்கிறது. முதல் வருஷம் சம்பா நெல் அறுத்துவிட்டு, 2019 தை கடைசியில் அறுபது சென்டில் உளுந்து விதைத்தேன்.

முளைப்பு அருமை. பதினைந்து நாள் வரைக்கும் பார்க்கவே ஆசையாக இருந்தது. அதற்குப் பிறகு செடி நின்றுவிட்டது. வளரவில்லை. கீழ் இலை வெளிறியது. இருபதாம் நாள் பக்கத்துக் கழனிப் பெரியவர் வரப்பில் நின்று சொன்னார்: "இன்னா சார், பயிரு மஞ்சா அடிச்சிகினு கீது? ஒரு அரை மூட்டை யூரியா வுடுங்க, ரெண்டு நாள்ல கருகருன்னு வந்துடும்."

காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் செடி ஏன் தழைச்சத்துப் பசியில் நிற்கிறது? அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

விதையில் இருக்கும் கையிருப்பு

பழக்க தோஷம், கணக்காகவே சொல்கிறேன். ஆயிரம் உளுந்து விதை சுமார் 40 கிராம் எடை. அதாவது ஒரு விதை 40 மில்லிகிராம். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு புரதம். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. கூட்டிக் கழித்தால் ஒரு விதைக்குள் சுமார் ஒன்றரை மில்லிகிராம் தழைச்சத்து இருக்கிறது. தாய்ச்செடி குழந்தை பேரில் போட்டுவைத்த வைப்புத்தொகை அது.

உளுந்து, பாசிப்பயறு, காராமணி முளைக்கும்போது இரண்டு பருப்பும் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும், பார்த்திருப்பீர்கள். துவரையிலும் கொண்டைக்கடலையிலும் அவை மண்ணுக்கு உள்ளேயே இருந்துவிடும். எங்கே இருந்தாலும் வேலை ஒன்றுதான். பருப்பில் இருக்கும் புரதம் கரைந்து வேருக்கும் குருத்துக்கும் போகிறது. பத்து நாளுக்குள் பருப்பு சுருங்கி உதிர்ந்துவிடும். உதிர்ந்தது என்றால் கையிருப்பு தீர்ந்தது என்று அர்த்தம். முதல் பத்து நாள் பயிர் செழிப்பாக இருப்பதற்குக் காரணம் நம் மண்ணும் இல்லை, காற்றும் இல்லை. அந்த விதைதான். நல்ல திரட்சியான விதையாகப் பொறுக்கி விதைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதன் கணக்கும் இதுதான்.

அடுத்தது மண்

கையிருப்பு தீரும்போது வேர் மண்ணில் பரவத் தொடங்கியிருக்கும். இந்தக் கட்டத்தில் உளுந்து நாற்றுக்கும் நெல் நாற்றுக்கும் வித்தியாசமே கிடையாது. மட்கிய பொருள்களை நுண்ணுயிர்கள் சிதைத்து வெளிவிடும் நைட்ரேட், அம்மோனியம் இரண்டையும் மண் ஈரத்தோடு சேர்த்து வேர்த்தூவிகள் உறிஞ்சுகின்றன. மண்ணில் மட்கு இருந்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் பசிதான்.

இலை வழியாகக் காற்றிலுள்ள நைட்ரஜன் உள்ளே போகிறது என்று நினைக்கிறவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் நினைத்தேன். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். ஒரு ஏக்கர் நிலத்துக்கு நேர் மேலே வானம் வரைக்கும் கணக்குப் போட்டால் சுமார் 30 ஆயிரம் டன் வரும். ஆனால் அந்த நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புப் போட்டு இறுகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. எந்தச் செடிக்கும் அந்தக் கட்டை அவிழ்க்கும் சக்தி இல்லை. உளுந்துக்கும் இல்லை. யூரியாவுக்கான அம்மோனியா செய்யும் ஆலையில் 400, 500 டிகிரி வெப்பமும், காற்றழுத்தத்தைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தமும் கொடுத்துத்தான் அதை உடைக்கிறார்கள். சாதாரண மண் சூட்டில் அதே வேலையைச் செய்யத் தெரிந்தவை சில நுண்ணுயிர்கள் மட்டுமே. பயறுச் செடி அவற்றில் ஒரு கூட்டத்தோடு உடன்படிக்கை போட்டுக்கொண்டிருக்கிறது. ரைசோபியம் என்று நாம் சொல்வது அந்தக் கூட்டத்தைத்தான்.

உடன்படிக்கை எப்படி நடக்கிறது?

தழைச்சத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் இளம் வேர் சில பொருள்களை மண்ணில் கசியவிடுகிறது. இன்ன செடிக்கு இன்ன வாசனை. அந்த வாசனை தெரிந்த ரைசோபியம் வேரை நோக்கி வரும். வந்து, பதிலுக்குத் தன் பங்குக்கு ஒரு பொருளைச் சுரக்கும். இரண்டும் பொருந்தினால் வேர்த்தூவியின் நுனி வளைந்து, கொக்கி மாதிரி நுண்ணுயிரைச் சுற்றிக்கொள்ளும். உள்ளே ஒரு மெல்லிய குழாய் உண்டாகும். அதன் வழியாக நுண்ணுயிர்கள் வேரின் உள் அடுக்குக்குப் போகும். அங்கே செல்கள் பெருகி ஒரு சிறு உருண்டையாகப் புடைக்கும். அதுதான் வேர்முடிச்சு. நிலக்கடலையில் மட்டும் கொஞ்சம் வேறு வழி. பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடத்து விரிசல் வழியாக நுண்ணுயிர் உள்ளே நுழைகிறது.

மண்ணின் இடுக்குகள் வழியாக வேருக்குப் போகும் காற்றிலிருந்துதான் முடிச்சு நைட்ரஜனை எடுக்கிறது. அதை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கிறது. பதிலுக்குச் செடி, இலையில் சமைத்த சர்க்கரையை முடிச்சுக்கு அனுப்புகிறது. ஒரு கிராம் தழைச்சத்துக்கு ஐந்தாறு கிராம் கரிமச்சத்து செலவாகும். இலவசம் என்று இங்கே எதுவும் இல்லை, வட்டி உண்டு.

இதற்கு நாள் பிடிக்கும். விதைத்த பத்திலிருந்து பதினைந்து நாளில் முடிச்சு கண்ணுக்குத் தெரியும். அது வேலையைத் தொடங்க மூன்று வாரம் ஆகிவிடும். பூக்கும் சமயத்தில் உச்சத்துக்குப் போகும். காய் பிடிக்க ஆரம்பித்ததும் சர்க்கரையெல்லாம் காய்க்குப் போய்விடுவதால் முடிச்சு தளர்ந்துவிடும்.

ஆக, பத்தாம் நாள் விதைக் கையிருப்பு தீர்கிறது. மூன்று வாரம் கழித்துத்தான் முடிச்சு சம்பாதிக்கத் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து நாள், வேலை போய் அடுத்த வேலை கிடைக்கும் வரை இருக்கும் இடைவெளி மாதிரி. என் உளுந்து நின்றது அந்த இடைவெளியில்தான்.

இதை 1886-லேயே ஒருவர் சொல்லிவிட்டார். ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்ற ஆய்வாளர், வில்ஃபார்த் என்பவரோடு சேர்ந்து, சத்தே இல்லாத மணலில் பட்டாணி வளர்த்தார். செடிகள் கொஞ்ச நாள் வளர்ந்து, பிறகு பசியில் வெளிறி நின்றன. அப்புறம் சில செடிகள் மட்டும் தாமாகப் பச்சை பிடித்து எழுந்தன. எழுந்தவற்றின் வேரில் முடிச்சு இருந்தது. மணலைச் சூடாக்கி நுண்ணுயிரைக் கொன்றுவிட்டு வளர்த்தால் ஒன்றுகூட எழவில்லை. அவருக்கு முப்பது வருஷம் முன்னால் இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மிகக் கவனமாக ஒரு சோதனை நடந்தது. தூசி தும்பு கலக்கக் கூடாது என்று மண்ணைச் சுட்டெடுத்துப் பயன்படுத்தியதால் நுண்ணுயிரும் செத்துவிட்டது. பயறுச் செடி காற்றுத் தழைச்சத்தைப் பிடிப்பதில்லை என்றே முடிவு கட்டினார்கள். 1888-ல் ஹாலந்து நாட்டு பெய்ஜெரிங்க் அந்த நுண்ணுயிரை முடிச்சிலிருந்து தனியாகப் பிரித்துக் காட்டினார்.

நான் செய்த சோதனை

என் கதைக்கு வருகிறேன். அறுபது சென்டில் பாதிக்கு மட்டும் பத்து கிலோ யூரியா போட்டேன். அப்போது நான் முழுதாக இயற்கைக்கு மாறியிருக்கவில்லை. மனசும் உறுதியாக இல்லை. மறு பாதியை அப்படியே விட்டேன். பெரியவர் சொன்னபடி யூரியா பாதி நாலு நாளில் கருகருவென்று வந்துவிட்டது. விட்ட பாதியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஆனால் அது 28-ஆம் நாளுக்கு மேல் தானாகவே பச்சை பிடித்தது.

35-ஆம் நாள் இரண்டு பக்கமும் ஐந்தைந்து செடியை மண்ணோடு தோண்டினேன். விட்ட பாதியில் செடிக்கு இருபதுக்குக் குறையாமல் முடிச்சு. நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. யூரியா பாதியில் நாலைந்துதான். அவையும் கடுகளவு, உள்ளே வெள்ளை. மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைக்கும்போது, சர்க்கரை கொடுத்து முடிச்சு வளர்க்கச் செடிக்கு என்ன தலையெழுத்து? அது வேலைக்காரர்களை நிறுத்திவிடுகிறது. பயிர் பசுமையாக இருந்ததற்குக் காரணம் மூட்டைதான். காற்றில் இருப்பது காற்றிலேயே இருந்துவிட்டது.

அறுவடையில் யூரியா பாதி மூன்று கிலோ கூடுதல். அதை மறைக்கப் போவதில்லை. ஒரு வருஷம், ஒரு கழனி, இதை வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. ஆனால் மற்றப் பாதி எழுபது கிலோ சொச்சம் உளுந்தை யூரியா இல்லாமல் கொடுத்தது. அதில் இருக்கும் தழைச்சத்து மட்டும் கிட்டத்தட்ட மூன்று கிலோ.

அந்த இடைவெளி எனக்கு ஏன் அவ்வளவு நீண்டது என்றும் யோசித்தேன். ரைசோபியம் பாக்கெட் வாங்கித்தான் விதை நேர்த்தி செய்தேன். ஆனால் வாங்கிய பாக்கெட் இரண்டு நாள் என் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வெயிலில் கிடந்தது. உள்ளே இருப்பது உயிர் என்ற நினைப்பே எனக்கு இல்லை. உர மூட்டை மாதிரி நினைத்துவிட்டேன். செத்ததைத்தான் விதையில் தடவியிருப்பேன். மாதக்கணக்கில் தண்ணீர் கட்டிய நெல் கழனியில் ரைசோபியம் எண்ணிக்கை குறைந்திருக்கும். மிச்சமிருந்தவை பெருகி வேருக்கு வந்து சேர அத்தனை நாள் ஆகியிருக்கிறது.

கிராமக் கிளையில் வேலை பார்த்த காலத்தில் பயிர்க்கடனில் ஒரு பகுதியை ரொக்கமாகவும் ஒரு பகுதியை உரமாகவும் கொடுப்போம். நிலக்கடலைக்கும் உளுந்துக்கும்கூட அச்சடித்த அளவின்படி உரத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு செடியையாவது தோண்டிப் பார்த்ததில்லை. அந்தக் கடனைத் திருப்பிக் கட்டினவர்கள் அவர்கள்தான், நான் இல்லை.

இடைவெளியைச் சுருக்குவது எப்படி?

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன்.

விதை: ஏக்கருக்கு 8 கிலோ, திரட்சியாகப் பொறுக்கியது. பாக்கெட்டில் காலாவதி தேதி பார்த்து வாங்கி, அன்றே வீட்டுக்குக் கொண்டுவந்து நிழலில் குளிர்ச்சியாக வைக்கிறேன். ஏக்கர் விதைக்கு 200 கிராம் பாக்கெட் இரண்டு. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்று மாலைக்குள் விதைத்துவிட வேண்டும். சூடான கஞ்சியும் வெயிலும் ஆகாது. ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி தடவிய விதை வேண்டவே வேண்டாம்.

எந்தப் பயிருக்கு என்று கேட்டு வாங்குங்கள். உளுந்து, பாசிப்பயறு, காராமணி, நிலக்கடலை இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே கூட்டத்து நுண்ணுயிரோடு சேரும். அந்தக் கூட்டம் நம் மண்ணில் பெரும்பாலும் ஏற்கெனவே உண்டு. கொண்டைக்கடலைக்கும் சோயாவுக்கும் தனித்தனி. அவற்றை முதல்முறை போடும் நிலத்தில் விதை நேர்த்தி இல்லாவிட்டால் முடிச்சைத் தேட வேண்டியதுதான்.

மண்: நன்றாக மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் அளவாகப் போட்டால் அந்தப் பத்துப் பதினைந்து நாளைக்குப் போதும். மட்காத கோழி எருவை அள்ளிக் கொட்டினால் யூரியா செய்த அதே வேலையை அது செய்யும். இயற்கை உரம் என்பதால் செடிக்கு வித்தியாசம் தெரியாது. இலை மண்டும், முடிச்சு இருக்காது. முடிச்சுக்கு மணிச்சத்து அவசியம். இரும்பும் மாலிப்டினமும் கொஞ்சம் வேண்டும். மட்கு உள்ள மண்ணில் இவை கிடைக்கும். மணிச்சத்துக் குறைவு என்று மண் பரிசோதனையில் தெரிந்தால் பாறை பாஸ்பேட்டோடு பாஸ்போபாக்டீரியா சேர்க்கலாம்.

தண்ணீர்: முடிச்சுக்குள் நைட்ரஜனைப் பிரிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டாலே ஆகாது. ஆனால் முடிச்சு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைச் சமாளிக்கத்தான் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு சிவப்புப் பொருள் உள்ளே இருந்து ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுக்கிறது. முடிச்சின் இளஞ்சிவப்பு அதுதான். தண்ணீர் தேங்கினால் காற்று போகாது, முடிச்சு அழுகிவிடும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பயறு போடுகிறவர்கள் வடிகால் எடுக்காமல் விதைக்கவே கூடாது.

மஞ்சளைப் பார்த்ததும் பதற வேண்டாம்

எல்லா மஞ்சளும் தழைச்சத்துக் குறைவு இல்லை. கீழ் இலை முழுவதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துப் பசி. மூன்றாம் வாரத்தில் லேசாக இருந்தால் பொறுத்திருங்கள். நுனி இலையில் நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. இளம் இலையில் திட்டுத் திட்டாகப் பளிச்சென்ற மஞ்சள் என்றால் மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது. அந்தச் செடியைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும். அதற்கு யூரியாவும் பதில் இல்லை, பொறுமையும் பதில் இல்லை.

25-லிருந்து 30-ஆம் நாளுக்குள் கழனியில் ஐந்து இடத்தில் ஐந்து செடி தோண்டுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். மண்வெட்டியால் மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும். வேரே வீங்கி, உதிராமல் இருந்தால் அது நூற்புழு. கீறிப் பார்த்து இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது வேலைக்கு ஆகாத முடிச்சு. பச்சை, பழுப்பு என்றால் முடிந்துவிட்டது.

மண்ணுக்கு என்ன மிஞ்சும்?

உளுந்து போட்டாலே மண் வளமாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். 100 கிலோ உளுந்து கழனியை விட்டுப் போகும்போது சுமார் 4 கிலோ தழைச்சத்தும் போகிறது. எங்கள் பக்கம் செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய் அடிப்பார்கள். வேர், தண்டு, இலை எல்லாம் போய்விட்டால் மண்ணுக்கு வரவு மிகச் சொற்பம். சில சமயம் நஷ்டக் கணக்குக்கூட வரும். அடியில் அரிவாளால் அறுத்து வேரை மண்ணில் விடுங்கள். செடியும் பொட்டும் மாட்டுக்குப் போனால் சாணமாகத் திரும்பி வரட்டும்.

மண்ணுக்கென்றே சேர்க்க வேண்டுமானால் தக்கைப்பூண்டு, சணப்பை, கொழிஞ்சி. தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து 45-ஆம் நாள், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், முடிச்சு சம்பாதித்தது முழுவதும் கழனியிலேயே தங்கும். மணிலா அகத்திக்குத் தண்டிலும் முடிச்சு உண்டு. அதனால் தண்ணீர் நிற்கும் கழனியிலும் வேலை செய்யும். நம்மாழ்வார் ஐயா பல தானிய விதைப்பில் பயறு வகையையும் பசுந்தாள் விதையையும் சேர்க்கச் சொன்னதன் பொருள் இந்தக் கணக்கைப் போட்டபிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் இருக்கும் தழைச்சத்து 21 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மானியத்தில் மலிவாகத் தெரிவதால்தான் இருபதாம் நாள் கை அந்தப் பக்கம் போகிறது. அந்தப் பத்துப் பதினைந்து நாளைத் தாண்டுவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டால் கை போகாது.

இந்த மாசியில் பெரியவர் தன் கால் ஏக்கரில் பாக்கெட் கலந்து உளுந்து விதைத்தார். இருபதாம் நாள் லேசாக வெளிறியது. யூரியா வாங்கக் கிளம்பிவிட்டார். "ஒரு வாரம் பொறுங்க அண்ணே" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். பயிர் போயிருந்தால் எந்த முகத்தோடு அந்த வரப்பில் நடப்பேன் என்று எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். 27-ஆம் நாள் அவரே மண்வெட்டி எடுத்து ஒரு செடியைத் தோண்டி, அலசி, நகத்தால் கீறிப் பார்த்தார்.

"செவப்பாத்தான் கீது சார்" என்றார். பத்து செடி தோண்டிவிட்டுத்தான் நிறுத்தினார்.

உங்கள் கழனியிலும் இந்தப் பட்டத்தில் ஐந்து செடி தோண்டிப் பாருங்கள். எத்தனை முடிச்சு, என்ன நிறம், விதைத்து எத்தனையாம் நாள் என்று குறித்து நம் இதழுக்கு எழுதுங்கள். ஊருக்கு ஊர் சேர்த்துப் பார்த்தால் எல்லோருக்கும் உதவும்.